மூன்று விலாங்கில் வசவு இலவசம்

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் ஹாம்லோட் என்ற ஊரில் 'மூன்று விலாங்கு' என்ற பப்பை நடத்திவந்த ரோலண்ட் ஹக்கினுக்கு ஒரே ஒரு குறைதான். அவனுடைய பப்புக்கு வயது போதவில்லை.

பழைய கட்டடம் என்றோ எரிந்துபோய், அதே இடத்தில் யாரோ ஒரு செங்கல் சூளைக்காரர் எழுப்பிய கட்டடம் அது. சுவர் நேராக இருந்தது. கதவு நிலையில் தலை இடிக்கவில்லை. ஆற்றைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்குத் தலை இடிக்காத பப் பிடிப்பதில்லை. பர்மிங்காமில் அலுவலக நாற்காலி விற்றுக்கொண்டிருந்த ரோலண்டுக்கு இது வந்த முதல் கோடையிலேயே புரிந்துவிட்டது. உடனே பழமையை வாங்கிப் போட ஆரம்பித்தான். கூரையில் கறுத்த உத்தரங்கள் வந்தன. தெர்மோகோல் மாதிரி ஒரு சாமான்தான், பெயின்ட் அடித்து ஒட்டியது. வாசலில் '1402' என்று எழுதவைத்தான். 1400 என்று போட்டால் இட்டுக்கட்டியது போல் இருக்குமாம்.

போரில் தோற்று ஓடிய ராஜா ஒருவர் இங்கே நின்று ஒரு குவளை பியர் குடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு ஓடினார் என்று ஒரு பலகை. எந்த ராஜா என்று யாராவது கேட்டால், "உயிருக்குப் பயந்து ஓடறவரு பேரையா சொல்லிட்டிருப்பாரு?" என்பான். மாடியில் சாம்பல் நிறச் சீமாட்டி ஒருத்தியின் ஆவி வேறு. சனி ஞாயிறுகளில், அதுவும் சுற்றுலா வண்டி வந்து நிற்கும் நாளில், ஜன்னலில் மங்கலாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே கொள்ளுப்பாட்டியின் இறைச்சிப் பை. தோளில் மாட்டுகிற பை இல்லை. மாட்டிறைச்சியைப் பியரில் வேகவைத்து, மாவு மூடி போட்டுச் சுடுகிற பலகாரம். கணப்புக்கு மேலே கொள்ளுப்பாட்டியின் படம் தொங்கியது. கடுகடுத்த முகம், கழுத்துவரை பொத்தான். மாதாகோயில் பழம்பொருள் விற்பனையில் வாங்கிய படம். அந்த அம்மாள் யாருடைய கொள்ளுப்பாட்டியோ, பாவம்.

பியர் மட்டும் நிஜம். அந்தப் பக்கத்துச் சிறு ஆலையிலிருந்து மரப்பீப்பாயில் வரும், லேசாகக் கசக்கும் பிட்டர். நிலவறைக் குளிரில் வைத்திருந்து, கைப்பிடியை இழுத்துக் குவளையில் இறக்க வேண்டும். ரோலண்டுக்கு அதைக் கெடுக்கத் தெரியவில்லை, அதனால் அது நன்றாக இருந்தது.

அந்த பிட்டருக்காகத்தான் மூன்று பேர் நாள் தவறாமல் வந்தார்கள். ஆற்று மதகில் காவலராக இருந்து ஓய்வுபெற்ற ஹாட்நெட், கணப்பு ஓரம். அவருக்கு எதிரில் க்வெண்டா ப்ராசர். காலமெல்லாம் பஸ் ஓட்டியவள், இன்னும் எல்லாரையும் படியில் தொங்குகிற பிரயாணி மாதிரிதான் பார்ப்பாள். மூன்றாமவர் ஜெப். ஊரில் பாதிப்பேரை அடக்கம் செய்தவர், மீதிப்பேரைக் கண்ணாலேயே அளவெடுப்பவர். ஒரு குவளையை வாங்கிவைத்துக்கொண்டு மூவரும் சாயங்காலம் முழுவதையும் ஓட்டுவார்கள். உள்ளே வருகிறவன் எவனாக இருந்தாலும் அவன் தொப்பி, நடை, ஊர், குடும்பம் எதையும் விடமாட்டார்கள்.

மாசி மாதக் குளிரில் ஒருநாள் ரோலண்ட் அந்த மூவரின் மேஜையருகே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் நீங்க வேற எங்கயாவது போய்க் குடிக்க முடியுமா?"

"ஏன் தம்பி, யாரு செத்துட்டா?" என்றார் ஹாட்நெட்.

"யாரும் சாகல. செத்தா எனக்குச் சொல்லி அனுப்பாமலா?" என்றார் ஜெப்.

"மிஸ் வென்லாக்னு ஒரு அம்மா வர்றாங்க. ஆற்றங்கரை பப்களப் பத்தி வருஷா வருஷம் கையேடு போடறாங்கல்ல, அவங்க. பழமையான பப்னு அதுல பேர் வந்துட்டா நமக்கு..."

"பழமையா இருக்கிறது நாங்க மூணு பேருதாம்ப்பா," என்றாள் க்வெண்டா. "எங்கள வெளிய தள்ளிட்டு அந்தம்மாவுக்கு எதக் காட்டப்போற?"

"உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நீங்க பேசற பேச்சு இருக்கே. போன மாசம் பாதிரியார அழவெச்சு அனுப்புனீங்க."

"அவரு பாடுன பாட்டு அப்படி. நாங்க சொல்லலேன்னா பின்ன யாரு சொல்லுவா?"

மூவரும் குவளைக்குத் திரும்பினார்கள். ரோலண்ட் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அன்றிரவு அவன் மனைவி லொரெய்ன், பாத்திரம் துடைத்துக்கொண்டே, "ஒரு நாளைக்கு நானே நிஜமா பை பண்ணிடறேன், ரோலண்ட். கறி வாங்கிட்டு வந்தா போதும்," என்றாள்.

"உனக்கு மூடி சரியா வராது. ஒரு பக்கம் அமுங்கிடும்," என்றான் ரோலண்ட். "பெட்டியில வர்றது ஒரே மாதிரி இருக்கு. பாக்க கௌரவமா இருக்கணும்ல."

லொரெய்ன் அடுத்த தட்டை எடுத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசியதை யாரும் கேட்டதும் இல்லை.

வியாழக்கிழமை மிஸ் வென்லாக் வந்தாள், கூடவே ஆறும் வந்தது.

மேற்கே மலைகளில் பெய்த மழை புதன்கிழமையே ஹாம்லோட்டை எட்டிவிட்டது. வெள்ளம் அந்த ஊருக்குப் புதிதில்லை. கதவுக்குக் குறுக்கே பலகை செருகி, மணல் மூட்டை அடுக்கி, பீப்பாய்களை நிலவறையிலிருந்து மேலே கூடத்துக்கு ஏற்றி மரத்தாங்கியில் வைத்துவிட்டால் முடிந்தது வேலை. ரோலண்டும் அதையெல்லாம் செய்தான். ஆனால் வருகிறவளைத் தடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. வெள்ளத்தை அவன் ஆற்றங்கரை அழகில் ஒன்றாகக் கணக்கு வைத்துக்கொண்டான்.

மிஸ் வென்லாக் ஒல்லியான, நெட்டையான பெண். எதையும் பாராட்டாத மூக்கு. அவள் காரை மாதாகோயில் மேட்டில் நிறுத்திவிட்டு நடந்து உள்ளே வந்து சேர்ந்ததும், பின்னாலேயே சாலை முழுகிவிட்டது. லொரெய்ன் தன்னுடைய ரப்பர் பூட்ஸைக் கொடுத்தாள். ரோலண்ட் கைகளை விரித்துக்கொண்டு ராஜா கதையில் ஆரம்பித்தான். உத்தரத்தைக் காட்டினான். சீமாட்டியின் காதல் தோல்வியைச் சொன்னான். மிஸ் வென்லாக் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை.

அப்போது ஜன்னலுக்கு வெளியே துடுப்புச் சத்தம். மதகில் வேலை பார்த்த காலத்துப் படகை ஹாட்நெட் வாசல்படி வரை தள்ளிக்கொண்டு வந்து ஆணியில் கட்டினார். க்வெண்டாவும் ஜெப்பும் பலகையைத் தாண்டி உள்ளே குதித்தார்கள்.

ரோலண்டின் முகம் வெளுத்தது. "நான் சொன்னேன்ல," என்று பல்லைக் கடித்தான்.

"நீ வியாழக்கிழமை வராதேன்ன. வெள்ளத்தன்னிக்கு வராதேன்னு சொல்லலயே," என்றார் ஹாட்நெட். "என் வீட்டுக்குள்ள வாத்து நீந்துது தம்பி. நான் வேற எங்க போறது?"

மூவரும் தங்கள் இடத்தில் உட்கார்ந்து கால்களை நாற்காலிக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். க்வெண்டா மிஸ் வென்லாக்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்மா, ஊர் ஊரா போய்க் குடிச்சுட்டு அதை எழுதறதுக்கு உனக்குச் சம்பளம் தர்றாங்களாமே. எம் புருஷன் அதையே சும்மா செஞ்சான், நான் வீட்டை விட்டுத் துரத்திட்டேன்."

ரோலண்ட் நடுவில் புகுந்து, "பை தயாராகிட்டே இருக்கு மேடம். காலையிலேருந்து அடுப்புல கொதிக்குது. எங்க கொள்ளுப்பாட்டி சொல்லுவாங்க, அவசரப்பட்டா கறி கோச்சுக்கும்னு," என்றான். அவன் வாய் மூடவில்லை, மின்சாரம் போய்விட்டது.

இருட்டு என்று சொல்ல முடியாது, பகல்தான். ஆனால் சமையலறையில் மைக்ரோவேவ் நின்றுபோன சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே யாருக்கும் தெரியாது. நின்றபிறகுதான் தெரிந்தது.

சமையலறை, கூடத்தைவிட ஒரு படி தாழ்வு, ஆற்றைப் பார்த்த பக்கம். பின்கதவுப் பலகை அந்த நேரம் பார்த்து விட்டுக்கொடுத்தது. தண்ணீர் அவசரமில்லாமல் கூடத்துக்குள் வந்து கணுக்கால் அளவில் நின்றது. அதன் மேல் ஒரு பெரிய அட்டைப்பெட்டி மெதுவாகச் சுழன்றபடி மிதந்து வந்தது. பளபளப்பான படம் போட்ட பெட்டி. 'பாரம்பரிய இறைச்சிப் பை, உணவகங்களுக்கு மட்டும், உறைநிலையில் வைக்கவும்.' மேஜைக்கால் ஒன்றில் முட்டி, யோசித்து, திரும்பி, மிஸ் வென்லாக்கின் பூட்ஸருகில் வந்து நின்றது.

க்வெண்டா கணப்புக்கு மேலிருந்த படத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"ரோலண்டு," என்றாள். "உங்க கொள்ளுப்பாட்டி மிதந்து வர்றாங்க, பாரு. வாங்கன்னு சொல்லு."

"பெரிய குடும்பம் போலிருக்கு. பின்னால இன்னும் ரெண்டு பாட்டி வருது," என்றார் ஹாட்நெட்.

"ஈரமான உடம்ப அடக்கம் பண்றது கஷ்டம்," என்றார் ஜெப்.

ரோலண்டுக்குக் காது மடல்வரை சூடேறியது. அந்தத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்தால் தேவலை என்று தோன்றியது, உள்ளே போய்விடலாம். மிஸ் வென்லாக்கின் தோள்கள் குலுங்கின. குளிரில் நடுங்குகிறாள் என்று நினைத்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அவனுடைய வரலாற்றைக் கேட்கவில்லை. பீப்பாய்க் குழாயைத் திறந்து லொரெய்ன் பிட்டர் நிரப்பிக் கொடுத்தாள். தின்ன இருந்தது பன்றித்தோல் வறுவலும், வினிகர் ஜாடியில் ஊறிய முட்டையும்தான்.

"அந்த முட்டையைத் தின்னுடாத அம்மணி," என்றார் ஹாட்நெட். "அதப் போட்ட கோழி என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சது."

அவள் தின்றாள். இன்னொன்றும் கேட்டாள். குறிப்பேட்டை அப்போதுதான் திறந்தாள். இரண்டாவது குவளையில் அவள் கையெழுத்தைக் கிண்டல் செய்தார்கள், மூன்றாவதில் அவள் குடும்பத்துக்குப் போனார்கள். ஜெப் அவளுக்குத் தோராயமாக என்ன நீளத்தில் சவப்பெட்டி தேவைப்படும் என்பதைச் சொன்னார். அவளும் சளைக்கவில்லை. "உங்க மூக்குக்குத் தனியா ஒரு பெட்டி போடணுமே," என்றாள். சாயங்காலம் ஹாட்நெட் அவளைப் படகிலேற்றி மேட்டில் கொண்டுபோய் விட்டார். ரோலண்ட் வாசலில் நின்று கையாட்டினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வசந்தத்தில் கையேடு வந்தது. 'மூன்று விலாங்குக்கு எந்த ராஜாவும் வரவில்லை. வந்திருந்தால் அந்தப் பையைப் பார்த்துவிட்டுப் போர்க்களத்துக்கே திரும்பியிருப்பார். ஆனால் இங்கே ஊற்றும் பிட்டருக்கு ஈடு இந்த ஆற்றில் இல்லை. அதோடு, இவ்வளவு மனமார, இவ்வளவு உரிமையோடு ஒரு மனுஷியைத் திட்டுகிற பப்பை நான் இங்கிலாந்தில் வேறெங்கும் கண்டதில்லை.' அந்த ஆண்டின் முதல் பரிசும் அதற்கே.

வேறொருவன் என்றால் வெட்கப்பட்டிருப்பான். ரோலண்ட் முதல் இரண்டு வரிகளை மறைத்துவிட்டு மீதியைச் சட்டம்போட்டு மாட்டினான். 1402-க்குக் கீழே 'வசவு இலவசம்' என்று புதுப் பலகை ஏறியது. லண்டனிலிருந்து, லீட்ஸிலிருந்து, ஹாலந்திலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். வந்து கணப்பருகில் நின்றுகொண்டு, திட்டு வாங்கக் காத்திருந்தார்கள்.

ரோலண்ட் மூவரிடமும் போனான். இந்த முறை கையைப் பிசையவில்லை, தோளில் தட்டினான். "இனிமே உங்களுக்கு பியர் சும்மா. மத்தியானம் ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து. வர்றவங்கள கொஞ்சம் நல்லா திட்டணும், அவ்வளவுதான். குடும்பத்தோட வந்தா குழந்தைங்களுக்குத் தக்கமாதிரி."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் லீட்ஸிலிருந்து வந்த தடித்த மனிதர் ஒருவர் ஆசையோடு முன்னால் வந்து, "சொல்லுங்க, என்னைப் பாத்தா எப்படி இருக்கு?" என்றார்.

ஹாட்நெட் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். "ரொம்ப லட்சணமா இருக்கீங்க ஐயா. பிரயாணம் சௌகரியமா இருந்துச்சுங்களா?"

"உங்க வீட்டம்மா உடுத்தியிருக்கிற நிறம் அவங்களுக்கு எடுப்பா இருக்குங்க," என்றாள் க்வெண்டா. "நாற்காலி போடட்டுங்களா?"

"நூறு வருஷம் இருக்கணும் நீங்க," என்றார் ஜெப். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு ஊர்க்காரன் ஒருவனுக்குப் புரையேறியது.

லீட்ஸ்காரர் முகம் தொங்கிப்போனது. அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதி. பூமாலை போடாத குறையாக வரவேற்றார்கள். ஒரு வாரம் இப்படி உபசாரம் செய்துவிட்டு, ஒரு நாள் மூவரும் வரவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் 'கலப்பை' என்று ஒரு சின்ன பப். ஆறு தெரியாது, பார்வைக்கு ஒன்றுமில்லாத இடம். அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

ரோலண்ட் தானே முயன்றுபார்த்தான். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு வந்து, டச்சுக்காரி ஒருத்தியை "குண்டம்மா" என்றான். அவள் அழுதாள். கால்மணி நேரம் மன்னிப்புக் கேட்டான். திட்டுவதற்கும் ஒரு உறவு வேண்டியிருந்தது, அது அவனிடம் இல்லை.

கோடையில் ஒரு சனிக்கிழமை. கூடம் நிறைய ஜனம். வெளியே சுற்றுலா வண்டி. லொரெய்ன் இரண்டு கையிலும் தட்டுகளோடு சமையலறையிலிருந்து வந்தாள். ரோலண்ட் அவள் காதருகே, "அதை வெச்சுட்டு சீக்கிரம் மாடிக்குப் போ. அந்தச் சாம்பல் நைட்டியை மாட்டிக்க. வண்டிக்காரங்க ஜன்னலையே பாத்துட்டு நிக்கறாங்க," என்றான்.

லொரெய்ன் தட்டுகளை அருகிலிருந்த மேஜையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் பக்கத்து மேஜைகள் திரும்பின.

"நான் போகமாட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை, ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. "எத்தனை வருஷமா என்னை அந்த ஜன்னல்ல நிக்கவெச்சிருக்க, ரோலண்ட்? டிசம்பர் குளிர்ல, முகத்துல மாவைப் பூசிக்கிட்டு. எங்கம்மா செத்த வாரம்கூட நின்னேன். அன்னிக்கு நான் நிஜமாவே அழுதேன். தத்ரூபமா இருந்துச்சுன்னு சொன்ன."

யாரோ ஒருவர் சிரித்தார். இன்னொருவர் செல்போனை உயர்த்திப் பிடித்தார்.

"நான் சமைச்சத நாலு பேருக்குப் போட உனக்கு வெக்கம். மூடி ஒரு பக்கம் அமுங்கிடுமாம். பெட்டியில வந்த கண்றாவிக்கு யாரோ ஒரு கிழவியைச் சுவத்துல மாட்டி, அவளுக்கு மாலை போடற. எங்கம்மா படத்தை மாட்டலாம்னு ஒரு நாள் கேட்டேன். முகத்துல களையில்லன்ன. இங்க இருக்கிறதுல எது நிஜம்? உனக்கே ஞாபகம் இருக்கா?"

அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. பிறகு மூலையிலிருந்து ஒருவர் கை தட்டினார். சட்டென்று கூடம் முழுவதும் தட்டியது. "பிரமாதம்", "காசு குடுத்தாலும் கிடைக்காது" என்றார்கள். மேஜையில் குவளைகளால் தட்டினார்கள்.

அது நாடகமில்லை என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவன் ரோலண்ட் ஒருவன்தான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது சொல்வான் என்று. ஆனால் இத்தனை வருடத்தில் அந்தக் கூடம் அவனுக்கு ஒரு தடவையும் கை தட்டியதில்லை. அவன் உடம்பு அவனைக் கேட்காமலேயே முன்னால் வந்து, இடுப்பை வளைத்து, கும்பிட்டது.

நிமிர்ந்தபோது லொரெய்ன் ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மேஜையில் வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். ஜனம் அதற்கும் தட்டியது.

மறுநாளிலிருந்து வந்தவர்கள் எல்லாம், "உங்க சம்சாரம் திட்டற காட்சி எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்டார்கள். ரோலண்ட் பாலத்தைத் தாண்டிக் கலப்பைக்குப் போனான். லொரெய்ன் அங்கே சமையலில் சேர்ந்திருந்தாள். பின்கட்டில் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வந்துடு, லொரெய்ன்," என்றான்.

"எதுக்கு?"

அவன் யோசித்தான். நல்ல பதில் ஒன்று அவனிடம் இருந்தது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொண்டது. "சனிக்கிழமை மட்டுமாவது."

அவள் மாவுக் கையால் கதவைக் காட்டினாள்.

பக்கத்து ஊர் நாடகக் குழுவிலிருந்து டெல்ஃபின் யார்னல்ட் என்ற அம்மாளை அமர்த்தினான். சாதுவான மனுஷி. திட்ட வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, நடுவில் மறந்துபோய், "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். 'நீ குறட்டை விடுகிறாய், நீ என் பிறந்தநாளை மறந்தாய்.' அவள் சொன்ன எதையும் ரோலண்ட் செய்ததில்லை. வாரா வாரம் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நின்றான். செய்ததை யாரும் சொல்லவில்லை. கூட்டம் மட்டும் குறையவே இல்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, காட்சி நடந்துகொண்டிருந்தபோது, கதவருகே லொரெய்ன் நின்றாள். மாடி அலமாரியில் இருந்த குளிர்காலக் கோட்டை எடுக்க வந்தவள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தாள், கையில் அரைக் குவளை பிட்டர். டெல்ஃபின் அம்மாள், "என் இளமையெல்லாம் உன்னால..." என்று இழுத்து, அடுத்த வரி வராமல் தடுமாறினாள்.

"கொஞ்சம் சத்தமா திட்டுங்கம்மா," என்றாள் லொரெய்ன். "பின்னால கேக்க மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். ரோலண்ட் மட்டும் தலையை நிமிர்த்திப் பார்த்தான். குனிய வேண்டிய இடத்தில் குனிய மறந்துவிட்டான். லொரெய்ன் குவளையைக் காலி செய்து, தானே கொண்டுவந்து பியர் ஊற்றும் மேடைமேல் வைத்தாள்.

"பியர் நல்லா இருக்கு, ரோலண்ட். அதையாவது விட்டுவை," என்றாள் தணிந்த குரலில். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

டெல்ஃபின் அம்மாளுக்கு வரி ஞாபகம் வந்துவிட்டது. முடித்தாள். கூடம் தட்டியது. பீப்பாய் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு ரோலண்ட் நிலவறைக்கு இறங்கினான். பீப்பாய் பாதிக்குமேல் நிறைந்துதான் இருந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்தான். சுவரில் போன வெள்ளத்தின் கறை அவன் தலைக்கு மேலே ஒரு கோடாக ஓடியது. மேலே யாரோ குவளையால் மேஜையைத் தட்டி, பியருக்காக, அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.